இரண்டு தட்டு விளமீன்

செப்டம்பர் 4, திங்கள்

காலை: கஞ்சி, அரைத் தம்ளர். தங்கியது.
மதியம்: பருப்புச் சோறு, இரண்டு வாய். தங்கவில்லை.
இரவு: இளநீர்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். என்ன சாப்பிட்டார், வயிற்றில் தங்கியதா, வெளியே வந்துவிட்டதா. அடுத்த ஊசிக்கு வரும்போது டாக்டரம்மா பார்ப்பார்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். நானும் வரும் வழியில் நல்ல தடிமனான நோட்டாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரன் "பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி என்று நோட்டுக்கடையில் நின்று சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

இரண்டு வாய் சோற்றை எழுத இத்தனை பக்கம் எதற்கு என்று இப்போதுதான் தோன்றுகிறது. மிச்ச இடத்தில் எனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்வேன். டாக்டரம்மா வேண்டியதை மட்டும் படிக்கட்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

கஞ்சி தங்கியது. காலையிலிருந்து நானும் அவரும் ஒரு சண்டைகூடப் போடவில்லை. அது நல்லதற்கா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

காலை: பால், கால் தம்ளர். தங்கியது.
மதியம்: ஒன்றும் இல்லை.

மாதா பிறந்த நாள். பூசை முடிந்து வரும்போது இசிதோர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இசிதோர் இவருடைய தம்பி, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். அண்ணன் படுத்ததிலிருந்து கரைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கறிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கே போகிறான். இன்றைக்குச் சாளை. நல்ல நாளாயிற்றே என்று புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் உள் அறையிலிருந்து அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டேன். குழம்பு சட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போனது.

நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஏன் ரசம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதலாம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, பனிமய மாதா திருநாள் கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டு நின்றபோது ஒரு நேர்ச்சை நேர்ந்தேன். இவர் குணமாகும் வரைக்கும் மீனை நாக்கில் வைக்க மாட்டேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டேன். கறியை விடுகிறேன், காப்பியை விடுகிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். தூத்துக்குடிக்காரி ஒருத்தி விடுவதற்குக் கஷ்டமானதைத்தானே மாதாவுக்குக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து உப்புக்கூடப் பார்க்காமல்தான் குழம்பு வைக்கிறேன். ஆவியை மோந்தே உப்பு சொல்ல முடிகிறது. இந்த வயதில் இப்படியும் ஒரு வித்தை.

செப்டம்பர் 11, திங்கள்

காலை: கஞ்சி, இரண்டு கரண்டி. தங்கியது.
மதியம்: கஞ்சி. தொடவில்லை.

மதியக் கஞ்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஜெசி, எனக்கு செவிச்சே பண்ணித் தாட்டி."

கல்யாணமான புதிதிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பெரு நாட்டில் காயாவோ என்று ஒரு துறைமுகமாம். சரக்கு இறக்க முறை வராமல் கப்பல் காத்துக் கிடந்தபோது கரையில் ஒரு தள்ளுவண்டிக்காரி இதைச் செய்து கொடுத்தாளாம். அன்றைக்குப் பிடித்த மீனைச் சின்னச் சின்னத் துண்டாக அரிந்து, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் மிளகாயும் மல்லித்தழையும் சேர்த்துத் தருவாள். பக்கத்தில் அவித்த சீனிக்கிழங்கு இரண்டு துண்டு. அடுப்பே கிடையாது. எலுமிச்சைச் சாற்றிலேயே மீன் வெளுத்து, வெந்த மாதிரி ஆகிவிடும். லீவில் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். பச்சை மீனைத் தின்ன நீங்கள் என்ன பூனையா என்று நானும் தவறாமல் கேட்பேன். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கப்பலில் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. அது என் சட்டம்.

இன்றைக்குப் பூனை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வேவுற வாசனையே ஆவ மாட்டேங்குது. எதத் தின்னாலும் இரும்பு கடிச்ச மாரி இருக்கு. அது ஒண்ணுதான் உள்ள எறங்கும்னு தோணுது," என்றார். பிறகு, "ரெண்டு தட்டுல போடு. ஒனக்கும் சேத்து."

"எனக்கு எதுக்கு?"

"ஒத்தையில தின்ன எனக்குப் பிடிக்காது."

டாக்டரம்மாவைக் கேட்டுச் செய்கிறேன் என்று சொல்லி வைத்தேன். ஒரு சாப்பாட்டை அவர் வாய்விட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஊசி நாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறிவிட்டது.

"ஈரல் இந்த நிலைமைல இருக்கும்போது பச்சை மீனு கொடுக்கவே கூடாதும்மா. அதுல இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறுச்சுன்னா ரெண்டு நாள்ல ஆளை முடிச்சிரும். எலுமிச்சம்பழம் புழிஞ்சா கிருமி சாகாது. நல்லா வேகவச்சதுதான். என்ன?"

என்ன என்றால் என்ன. சரி என்றேன்.

வரும்போது ஆட்டோவில் அவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். கூட்டம், கேட்க நேரமில்லை என்று சொன்னேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 15, வெள்ளி

மதியம்: மீன், நான்கு துண்டு. தங்கவில்லை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவரை ஏமாற்றப் பார்த்தேன்.

விளமீனைத் துண்டு போட்டு, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தேன். நன்றாக வெந்துவிட்டது. ஆற வைத்து, அதன் மேல் எலுமிச்சை பிழிந்து, வெங்காயம், மிளகாய், மல்லித்தழை எல்லாம் போட்டு, சீனிக்கிழங்கும் வைத்துக் கொண்டுபோனேன். பார்த்தால் அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. முகமெல்லாம் மலர்ந்து போய்விட்டது அவருக்கு. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார்.

"நல்லாருக்குட்டி," என்றார். "ஒன் தட்டு எங்க?"

"எனக்குப் பச்ச மீனு ஆவாது."

"இதுல பச்ச எங்க இருக்கு?"

சீனிக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்காக இன்னும் மூன்று துண்டு எடுத்துச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பேசினைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயைத் துடைத்துவிட்டபோது, "டாக்டரு வேண்டாம்னுட்டாங்களா? சொல்லியிருக்கலாம்லா," என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 16, சனி

மெர்லின் சென்னையிலிருந்து பேசினாள். நடந்ததைச் சொன்னேன். ஒரே மகள், அப்பா பக்கம்தான் பேசுவாள் என்று தெரியும். பேசவில்லை. போனை வைத்ததும் ஒரு வீடியோ அனுப்பினாள். தாடி வைத்த ஒருவர் மீனைக் காகிதம் மாதிரி சீவி, அதன் மேல் சின்னப் பூவெல்லாம் வைக்கிறார். சாப்பிடுகிறதா, பீடத்தில் வைக்கிறதா என்று தெரியவில்லை. அவரிடம் காட்டினேன். "காயாவோல பூவெல்லாம் கெடையாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 20, புதன்

காலை: கஞ்சி, மூன்று கரண்டி. தங்கியது.

கிறிஸ்துமஸுக்குள் எப்படியும் எழுந்து நடமாடிவிடுவார். அப்போது டாக்டரம்மாவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குள் பழகி வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கு நிஜமாகவே பச்சை மீனில் செய்துபார்த்தேன். இசிதோரை உப்பு, புளிப்பு பார்க்கச் சொல்லிப் பிடித்து வைத்திருந்தேன்.

பொரிக்கிற மீனுக்கு மசாலா தடவினால் ஊற வைப்போம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் எலுமிச்சை பிழிந்து மூடி வைத்துவிட்டுச் செபமாலை சொல்ல உட்கார்ந்துவிட்டேன். முழுச் செபமாலையும், மன்றாட்டு மாலையும் முடித்துவிட்டு வந்து திறந்தால் மீன் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கிறது. இசிதோர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு முழிக்கிறான்.

"எப்படி இருக்கு?"

"மைனி, இதுக்கு ஊறுகாயே தின்னுருவேன்."

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். சிரிக்கிறார். சிரித்தால் வயிறு வலிக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிக்கிறார்.

"செபமால பூரா சொன்னியாக்கும்? செபமாலையில ஒரு பத்து மணி உருட்டுனா போதும்ட்டி. பத்து அருள்நிறை சொல்லி முடிச்சா மீனு மேல வெளுத்திருக்கும், உள்ள கண்ணாடி மாரி இருக்கும். அப்ப எடுத்துறணும்."

"காயாவோல அந்தப் பொம்பள அருள்நிறை சொல்லித்தான் பண்ணினாளாக்கும்?"

"அவ சிகரெட் குடிச்சா. ஒரு சிகரெட் முடியிற நேரம்."

இசிதோர் போகும்போது வாசலில் நின்று, "நீங்க ஏன் மைனி ஒரு துண்டு வாயில வச்சுப் பாக்கல?" என்று கேட்டான். வாய்வு என்றேன். வாய்வுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

கண் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சத்தால் இருக்கும். திரைச்சீலை மஞ்சள் நிறம். நாளை மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 25, திங்கள்

வெள்ளைத் திரை போட்டேன்.

செப்டம்பர் 30, சனி

காலை: ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்றைக்கு ஊசி போடவில்லை. இனிமேல் ஊசியே வேண்டாமாம். உடம்பு தேறியிருப்பதால்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து பேசுவார்கள். இன்றைக்கு எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நோட்டை நீட்டினேன். வாங்கி, திறக்காமலே என் மடியில் வைத்தார்கள்.

"இனிமே இதெல்லாம் எழுத வேண்டாம்மா. வலிக்கு மருந்து எழுதித் தாரேன். வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க. அன்னைக்கு என்னமோ மீனு கேட்டீங்களே, எலுமிச்சம்பழம் புழிஞ்சு. அதைக் குடுங்க. என்ன ஆசைப்படுறாரோ எல்லாம் குடுங்க."

போன முறை ஆளை முடித்துவிடும் என்று சொன்ன மீன் இந்த முறை எப்படிக் கெடுதல் இல்லாமல் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும் போலக் கோபம் வந்தது. உதறவில்லை.

மெர்லினிடம் போனில் சொன்னேன். ஊசி நிறுத்தியாச்சு, மீன் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

"மம்மி, டாக்டர் அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"மீனு குடுக்கலாம்னு அர்த்தம்."

"மம்மி."

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்குக் கிளம்பி வருவதாக மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

உடனே செய்துவிடலாம் என்றால் இன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலத்துக்கு மேல் ஒரு வள்ளமும் இறங்காது. நாளை ஞாயிறு, கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இனி திங்கட்கிழமைதான் கரைக்கு மீன் வரும். மார்க்கெட்டில் ஐஸ் மீன் கிடைக்கும். அவரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார்.

"ஐஸ் மீனுல பண்ணுனா வீடியோக்காரன் பூவெல்லாம் வைக்கணும். திங்கக்கெழம வரட்டும்."

"அதுவரைக்கும் எப்படிப் பட்டினியா கெடப்பீய?"

"திங்கக்கெழம வரைக்கும் நான் எங்கயும் போவல."

எங்கேயும் போகவில்லை என்றார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலை: நற்கருணை. கால் துண்டு அப்பம், ஒரு கரண்டி தண்ணீரோடு. தங்கியது.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்து, நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதலும் கொடுத்தார். நோயில்பூசுதல் கொடுத்து எழுந்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. என் சின்னம்மாவே இருக்கிறாள்.

வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது நேர்ச்சையைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி தனி நேர்ச்சையை மாத்திக்கிடலாம்மா. நான் மாத்தித் தர முடியும். அதுக்குப் பதிலா ஏதாவது ஒரு செபம், இல்லைன்னா ஒரு ஏழைக்குச் சாப்பாடு. மாதா ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டாங்க."

"வேண்டாம் ஃபாதர்," என்றேன்.

"ஏம்மா?"

"அவுக நல்லாவுற நேரத்துல நான் ஏன் மாத்தணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் என் தலையில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். இவர்களெல்லாம் இப்போது ஏன் என்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று எரிச்சலாக இருக்கிறது.

மாலையில் மெர்லின் வந்துவிட்டாள். அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடியே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று பேரும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறோம்.

அக்டோபர் 2, திங்கள்

இசிதோர் விடியும்போதே வந்துவிட்டான். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் வள்ளத்தை இறக்கியிருக்கிறான், ஞாயிறு முடிந்த கையோடு. வாளியில் கடல் தண்ணீர், அதில் ஒரு விளமீன், இன்னும் செவுள் அசைகிறது. "உசுரோட கொண்டு வரணும்னு நெனச்சேன் மைனி," என்றான். அண்ணனிடம் போய் வாளியைச் சாய்த்துக் காட்டினான். அவர் கையை உள்ளே விட்டு மீனைத் தொட்டுப் பார்த்தார். இசிதோர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அடுப்படியில் வைத்துச் செய்ய வேண்டாம், இங்கேயே வைத்துச் செய் என்றார். கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் சமையலில் அவர் தலையிடுகிறார். விட்டுக்கொடுத்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, பலகையும் கத்தியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெர்லின் சீனிக்கிழங்கை முன்னாலேயே அவித்து ஆற வைத்திருந்தாள்.

தோலை உரித்து, முள்ளை எடுத்து, சதையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"சின்னதா வெட்டு. இன்னும் சின்னதா. பிள்ளைக்கு ஊட்டுற மாரி."

வெட்டினேன். உப்பைத் தூவிப் பிசிறினேன். வெங்காயத்தை மெல்லிசாக நீளவாக்கில் அரிந்து தண்ணீரில் அலசினேன். எலுமிச்சையைப் பிழியும்போது, "ரொம்ப முறுக்காத, கசந்துரும்," என்றார். மிளகாய் ஒன்றே ஒன்று. சாறு மீன் மூழ்குகிற அளவுக்கு நின்றது.

"இப்பம் சொல்லு," என்றார்.

செபமாலையை எடுத்தேன். ஒரு பத்து மணி. நான் முதல் பாதி சொல்ல, அவர் பின் பாதி சொன்னார். மெர்லினும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது அருள்நிறையில் அவருக்கு மூச்சு வாங்கியது, உதடு மட்டும் அசைந்தது. நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மீன் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. நேர்ச்சை நேர்ந்த மாதாவிடமே செபத்தைச் சொல்லிக்கொண்டு விலக்கி வைத்த மீனையே பக்குவம் பார்க்கிறேன். என்ன பிழைப்பு இது என்று நினைத்தேன். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் மெர்லினின் குரல் உடைந்தது. எனக்கு உடையவில்லை.

பத்து முடிந்ததும் மல்லித்தழையைத் தூவினேன். ஒரு தட்டு எடுத்தேன்.

"ரெண்டு," என்றார்.

"மெர்லினுக்குப் போடுதேன்."

"அவளுக்குப் பொறவு. ஒனக்குப் போடு."

இரண்டு தட்டில் போட்டேன். ஒன்றை அவர் மடியில் வைத்தேன். மற்றது என் மடியில் இருந்தது. அவர் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதாட்ட என்ன சொல்லிருக்க?"

"ஒண்ணும் சொல்லல."

"திருநாள் முடிஞ்சதுலருந்து நீ மீன் திங்கல. குழம்பு வைக்குத, ரசம் ஊத்திக்கிடுத. கண்ணு மஞ்சளா இருந்தாலும் எனக்குப் பார்வ தெரியும்ட்டி. நான் நல்லாவுற வரைக்கும்னு சொல்லிருப்ப. அப்படித்தான்?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் நல்லாவ மாட்டேன், ஜெசி."

இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்ததை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். மெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தெரியும். வெள்ளைத் திரை போட்ட அன்றைக்கே தெரியும். அதற்கு முன்னாலேயே தெரியும்.

"நான் நல்லாவலன்னா நீ சாவுற வரைக்கும் மீன் திங்க முடியாது. ஒன் வாக்கு ஒனக்குப் பெருசு, எனக்குத் தெரியும், நீ திங்கவும் மாட்ட. கப்பல்ல ஒருத்தன் பட்டினியாப் படுத்தாக்கூட எனக்கு ஒறக்கம் வராது. நீ காலம் பூரா ரசம் ஊத்தித் தின்னுக்கிட்டு இருந்தா நான் எப்படிக் கல்லறையில கெடப்பேன்? இந்தத் தட்டு ஒனக்குத்தான் கேட்டேன். எனக்கு ஒரு துண்டு போதும்."

"மாதாட்டச் சொன்ன வாக்கு," என்றேன். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இவரையும் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். எழுதும்போதுதான் அது எனக்கே புரிகிறது.

"மாதாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நான்தான் தின்னச் சொன்னேன்னு சொல்லுதேன். எப்படியும் ஒனக்கு முன்னால நான்தான் அவங்களப் போய்ப் பாக்கப் போறேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன் இவரோடு. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். இதில் அவர் ஜெயித்துவிட்டார்.

ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். குளுமையாக இருந்தது. முதலில் எலுமிச்சை, அப்புறம் உப்பு, அப்புறம் மீன். குழம்பில் ஒருநாளும் தெரியாத ருசி, கடல் தண்ணீர் வாயில் பட்ட மாதிரி ஒரு ருசி. இத்தனை வருஷம் பூனை என்று கேலி பண்ணினேனே. நல்லாயிருக்கு என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், வாயில் மீனோடு. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "முழுங்குட்டி, முழுங்கு," என்றார்.

பிறகு அவர் சாப்பிட்டார். முதல் துண்டை மென்று முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரும்பு மாதிரி இருக்கிறதா என்று மெர்லின் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். "அந்தப் பொம்பளையவிட ஒங்க அம்ம நல்லாப் பண்ணிட்டா. சிகரெட் வாசன இல்ல," என்றார்.

மதியம்: விளமீன், எலுமிச்சையில். அவர் இரண்டு துண்டு. மிச்சம் நானும் மெர்லினும். தங்கியது.

அக்டோபர் 3, செவ்வாய்

தண்ணீர். நிறைய தூங்குகிறார்.

அக்டோபர் 5, வியாழன்

தண்ணீர், ஒரு கரண்டி. உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டேன். இசிதோர் கடலுக்குப் போகவில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அக்டோபர் 6, வெள்ளி

காலை:

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மெர்லின் போன வாரம்தான் சென்னைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்குக் காலையில் நானே பூ வாங்கி, மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். மண் இன்னும் இறுகவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். நாமும் அடிக்க வேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், சொல்லிவிட்டீர்களா என்று. காற்றுக்கு மெழுகுவர்த்தி அணைந்தது. மறுபடி பற்ற வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இசிதோர் நிற்கிறான். கையில் ஒரு விளமீன். அடக்கத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவன் இந்த வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறான். நீட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"மைனி, வாங்குவியளா மாட்டியளான்னு தெரியல. அண்ணன் கேட்டா, கறி மீன் குடுக்காம விட்டுட்டேன்னு வையுவான்னு எடுத்தாந்தேன்."

"குடு," என்றேன்.

செதில் சீவி, கழுவி, துண்டு போட்டேன். பாதி குழம்புக்கு. புளி கரைத்து, தேங்காய் அரைத்து, அடுப்பைப் பற்ற வைத்தேன். கொதி வந்தது. உள் அறையில் சத்தம் ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றேன். பிறகு திறக்காமலே வந்துவிட்டேன். மிச்சத்தைச் சின்னதாக வெட்டி, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு பத்து மணி சொன்னேன். முதல் பாதியும் நான், பின் பாதியும் நான்.

டாக்டரம்மா எழுத வேண்டாம் என்றார்கள். இருந்தாலும் நோட்டில் இடம் இருக்கிறது.

மதியம்: சோறு, மீன் குழம்பு, எலுமிச்சையில் கொஞ்சம் மீன். ஒரு தட்டு. குழம்புக்கு உப்பு பார்த்துத்தான் இறக்கினேன். தங்கியது.